அரோராவில் மார்க் ட்வைன் குடியிருந்த கேபின் எது? ஒரு நிகழ்வு ஆய்வு

1924-ல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ஆளில்லாமல் பாழாகிக்கொண்டிருந்த அரோரா என்ற சுரங்க ஊரிலிருந்து ஒரு சின்ன மர கேபினைப் பெயர்த்தெடுத்து, ரீனோ நகரத்து ஐடில்வைல்ட் பூங்காவில் கொண்டுபோய் வைத்தார்கள். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் இளம் வயதில் வெள்ளி தேடி அலைந்தபோது குடியிருந்த வீடு இதுதான் என்று சொல்லித்தான் கொண்டுபோனார்கள். பூங்காவுக்கு வந்தவர்கள் ஞாபகார்த்தமாக ஆளுக்கொரு சிம்பு பிய்த்துக்கொண்டு போனதில் அந்த கேபின் மிஞ்சவில்லை. இன்று அரோராவிலும் அது இல்லை, ரீனோவிலும் இல்லை.

பெயர்த்த கேபின் உண்மையிலேயே அவர் இருந்ததுதானா, அரோராவில் அவர் இருந்த இடத்தை இன்று கண்டுபிடிக்க வழி உண்டா என்ற இரண்டையும் இங்கே பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘மார்க் ட்வைன் கேபின்’ என்று ஒருமையில் தேட ஆரம்பித்ததிலிருந்தே இந்த விசாரணை தடம் மாறிவிட்டது. அரோராவில் அவருக்கென்று சொந்த வீடு இருந்ததாகக் கடிதங்கள் காட்டவில்லை. அடுத்தவர் கேபின்களில் கூட்டாக ஒண்டிக்கொண்டவர் அவர். ஆகவே தேட வேண்டியது அந்த அடுத்தவர்களை, அவர்கள் நின்ற மனைகளை. மரத்தைத் தேடுவதில் பலன் குறைவு.

இரண்டு அரசுகளின் ஊர்

1860 ஆகஸ்டில் மூன்று பேர் அந்த மலைச்சரிவில் தாது கண்டார்கள்: பிரேலி, கோரி, ஹிக்ஸ். ஊருக்கு அரோரா என்று பெயர். சுற்றியுள்ள சுரங்க வட்டத்துக்கு எஸ்மெரால்டா. கடல்மட்டத்துக்கு ஏழாயிரம் அடிக்கு மேலே, பின்யான் பைன் மரங்களும் சேஜ் புதர்களும் மண்டிய வறண்ட மலை. செய்தி பரவியதும் கூட்டம் வந்தது. 1863, 64 வாக்கில் பல ஆயிரம் பேர் வாழும் ஊராகிவிட்டது. பைன் தெரு, ஆண்டிலோப் தெரு என்று செங்கல் கட்டடங்கள் எழும்பின. சரிவுகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் பலகை, கல், கித்தான் என்று கைக்குக் கிடைத்ததை வைத்து நூற்றுக்கணக்கான குடிசைகள் முளைத்தன.

ஊர் எந்த எல்லைக்குள் வருகிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. 1861 ஏப்ரலில் கலிஃபோர்னியா மோனோ கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) என்று ஒன்றை உருவாக்கி அரோராவை அதன் தலைநகராக்கியது. அதே ஆண்டு நவம்பரில், அப்போது இன்னும் மாநிலமாகாத நெவாடா பிராந்தியம் எஸ்மெரால்டா கவுண்டியை உருவாக்கி அதே அரோராவைத் தலைநகராக்கியது. ஒரே ஊரில் இரண்டு கவுண்டி நிர்வாகங்கள், இரண்டு வகை அதிகாரிகள். 1863 செப்டம்பரில் இரண்டு கவுண்டிகளுக்கும் அங்கே தேர்தல் நடந்தது. மனமிருந்தவர்கள் இரண்டிலும் வாக்களித்தார்கள். அதே மாதம் நில அளவை முடிந்து, ஊர் நெவாடாவுக்குள் சில மைல் தள்ளியே இருக்கிறது என்று தீர்ந்தது. மோனோ கவுண்டியின் அதிகாரிகள் தங்கள் ஆவணங்களோடு கிளம்பிப் போனார்கள். கடைசியில் அந்தக் கவுண்டியின் தலைநகராக நிலைத்தது பிரிட்ஜ்போர்ட்.

இது சுவாரசியமான கதை மட்டும் இல்லை. நாம் தேடும் மனிதர் அரோராவில் இருந்தது 1862-ல், அதாவது இரட்டை நிர்வாகம் நடந்த காலத்துக்குள்ளேயே. அந்த ஆண்டு ஒருவர் மனை வாங்கினாலோ வரி கட்டினாலோ எந்தக் கவுண்டியின் பதிவேட்டில் அது ஏறியிருக்கும் என்பது அவர் எந்த அரசை நம்பினார் என்பதைப் பொறுத்தது. ஆவணங்களின் பயணமும் அதோடு முடியவில்லை. எஸ்மெரால்டா கவுண்டியின் தலைநகரம் 1883-ல் ஹாதார்னுக்கும், 1907-ல் கோல்ட்ஃபீல்டுக்கும் மாறியது. 1911-ல் மினரல் கவுண்டி தனியாகப் பிரிந்து ஹாதார்னைத் தலைநகராக்கிக்கொண்டது. அரோரா இருக்கும் நிலம் இன்று இந்த மினரல் கவுண்டியில். ஒரு குடிசையின் மனையைத் தேடுகிறவர் பிரிட்ஜ்போர்ட், ஹாதார்ன், கோல்ட்ஃபீல்டு என்று இரண்டு மாநிலங்களில் மூன்று ஊர்களின் பதிவறைகளை மனதில் வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

1862: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை

சாமுவேல் க்ளெமன்ஸ் (மார்க் ட்வைனின் இயற்பெயர் இதுதான்) 1861 ஆகஸ்டில் தன் அண்ணன் ஓரியனோடு நெவாடாவின் கார்சன் சிட்டிக்கு வந்தார். ஓரியன் அந்தப் பிராந்திய அரசின் செயலாளர். தம்பிக்கு நிலையான வேலை இல்லை. அந்தக் குளிர்காலத்தில் வடக்கே யூனியன்வில்லில் வெள்ளி தேடிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. 1862 ஏப்ரலில் அரோராவுக்கு வந்தார். வயது 26.

அங்கே சுரங்கப் பங்கை அடிக்கணக்கில் எண்ணுவார்கள். ஒரு தாதுப் படிவின் நீளத்தில் உனக்கு இத்தனை அடி, எனக்கு இத்தனை அடி என்பது கணக்கு. க்ளெமன்ஸின் கடிதங்களில் ‘ஃப்ளைஅவே’, ‘மானிட்டர்’, ‘ஹொரேஷியோ அண்ட் டெர்பி’ என்று படிவுகளின் பெயர்கள் அடுக்கடுக்காக வரும். வேலை செய்யவும் கட்டணம் கட்டவும் பணம் அனுப்பச் சொல்லி அண்ணனை அரித்துக்கொண்டே இருந்தார். கையில் காசு தீர்ந்தபோது ஒரு தாது அரைக்கும் ஆலையில் கூலி வேலைக்கும் போனார். ஒரு வாரம் தாங்கியது. நடுவே உடல்நலம் குன்றிய ஜான் நை என்பவருக்குத் துணையாக ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் சில நாள் இருந்தார். இடையிடையே ‘ஜோஷ்’ என்ற பெயரில் வர்ஜீனியா சிட்டியின் ‘டெரிடோரியல் எண்டர்பிரைஸ்’ பத்திரிகைக்கு எழுதிப் போட்டார். கோடையில் அந்தப் பத்திரிகை வாரம் 25 டாலர் சம்பளத்தில் வேலை தருவதாகச் சொன்னது. உடனே பிடித்துக்கொள்ளவில்லை, ஆகஸ்டிலும் தயங்கினார். செப்டம்பரில் அரோராவை விட்டுப் போனவர் பத்திரிகைக்காரராகிவிட்டார். ‘மார்க் ட்வைன்’ என்ற பெயர் முதன்முதலில் அச்சில் வந்தது 1863 பிப்ரவரியில்.

இந்தக் கடைசித் தேதிதான் இந்த வழக்கின் முதுகெலும்பு. அரோராவில் மார்க் ட்வைன் என்று யாரும் இருந்ததில்லை. கடனும் காலிப் பையுமாகத் திரிந்த சாம் க்ளெமன்ஸ் என்ற இளைஞர்தான் இருந்தார். ஊரில் அவரைப் போல நூற்றுக்கணக்கானவர்கள் உண்டு. அவர் தூங்கிய கேபின் எது என்று குறித்துவைக்க 1862-ல் ஒருவருக்கும் காரணம் இல்லை. பிற்பாடு யாராவது ஒரு வீட்டைக் காட்டி இதுதான் என்று சொல்லியிருந்தால், புகழ் வந்தபின் நினைவைத் தோண்டிச் சொன்னதாகத்தான் அது இருக்க முடியும்.

சாட்சிகள்

நம்மிடம் உள்ள முதல் தரச் சாட்சி, அந்த நாட்களில் அவரே வீட்டுக்கு எழுதிய கடிதங்கள். அவற்றில் மிக முக்கியமானது 1862 ஆகஸ்ட் 15 தேதியிட்டு, செயின்ட் லூயிஸில் இருந்த அக்கா பமேலாவுக்கு எழுதியது. தலைப்பிலேயே ‘எஸ்மெரால்டா, கலிஃபோர்னியா’ என்றுதான் இருக்கிறது. எல்லைக் குழப்பம் கடிதத் தலைப்பு வரைக்கும் வந்திருக்கிறது பாருங்கள். அண்ணன் நெவாடா அரசின் செயலாளராக இருந்தும் தம்பி தன் முகவரியைக் கலிஃபோர்னியா என்று எழுதுகிறார்.

அந்தக் கடிதத்தில் தானும் டான் ட்விங் என்பவரும் டானின் நாயும் ஒரே கேபினில் குடியிருப்பதாகச் சொல்கிறார். ‘மாளிகை’யின் அளவு பத்துக்குப் பன்னிரண்டு அடி. கூரை, அங்கே ‘டொமெஸ்டிக்’ என்று சொல்லப்பட்ட மலிவான பருத்தித் துணி. நம் பக்கத்துக் காடாத்துணி மாதிரி. ஐந்து மாதத்தில் முதல் மழை முந்தின நாள்தான் பெய்ததாம். துணிக்கூரை தாங்கவில்லை, நனையாமல் இருக்க இவர்கள் வெளியே போய் நின்றார்களாம். தரை வெறும் மண். நாய் அதைப் பிறாண்டிக்கொண்டு, ஈ பிடித்துக்கொண்டு, தட்டு நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. காலையில் டான் அடுப்பு மூட்டிச் சமைக்க வேண்டும், இரவுச் சமையல் க்ளெமன்ஸின் முறை.

வேடிக்கையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இதில் நான்கு தடயங்கள் கிடைக்கின்றன: அளவு, கூரை, தரை, வீட்டில் உடன் இருந்தவர் பெயர். அளவு அவர் வாயால் வந்தது என்பதால் மிகைப்படுத்தலுக்கு இடம் உண்டு என்றாலும், அக்காவிடம் இல்லாத வறுமையை நடிக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு என்பது அந்தக் காலத்துச் சுரங்கக் குடிசைக்குப் பொருத்தமான அளவுதான். நான் இந்தக் கடிதத்தை நம்புகிறேன்.

இப்போது இரண்டாவது சாட்சி. 1872-ல் வந்த ‘ரஃபிங் இட்’ நூலில் அரோரா நாட்களை விரிவாக எழுதினார். நூலைக் காணிக்கையாக்கியது கால்வின் ஹிக்பிக்கு, இருவரும் பத்து நாள் கோடீஸ்வரர்களாக இருந்த நினைவாக. ‘வைட் வெஸ்ட்’ சுரங்கத்துக்குள் மறைந்திருந்த ஒரு படிவுக்கு இருவரும் உரிமை கோரினார்கள், பத்து நாளுக்குள் அங்கே வேலை தொடங்கியிருக்க வேண்டும், ஆளுக்கொரு பக்கம் போய்விட்டதால் உரிமை பறிபோனது என்பது அந்தக் கதை. அதில் ஹிக்பி, வேலையைச் செய்துவிடு என்று எச்சரிக்கும் சீட்டை கேபினின் உடைந்த ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே எறிந்துவிட்டுக் குதிரையில் போய்விடுகிறார். கடைசியில் க்ளெமன்ஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது ஹிக்பி மேசையருகே அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த கேபினுக்குக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் ஜன்னல் பேச்சு இல்லை. துணிக்கூரையும் மண் தரையும்தான். இரண்டும் ஒரே வீடாக இருக்கலாம் என்று வாதாட முடியும். ஆனால் கடிதத்தில் இருப்பவர் ட்விங், நூலில் இருப்பவர் ஹிக்பி. மேலும் அந்தக் கோடீஸ்வரக் கதையே பத்து ஆண்டு கழித்து மெருகேற்றி எழுதியது. அதில் வரும் ஜன்னலை வைத்து வீடு தேடுவது ஆபத்து.

மூன்றாவதாக, உடனிருந்தவர்களின் நினைவுகள். ஏப்ரலில் வந்து சேர்ந்த காலத்தில் க்ளெமன்ஸின் கூட்டாளி ஹொரேஷியோ ஃபிலிப்ஸ். கோடையில் அந்தக் கூட்டு கசந்துபோனது. நெவாடா பிராந்தியத்தின் ஆளுநர் ஜேம்ஸ் நையின் உறவினரான ராபர்ட் ஹவ்லண்டும் அந்தக் குழுவைச் சேர்ந்தவர். ஹிக்பியோ 1906-ல் கலிஃபோர்னியாவிலிருந்து ட்வைனுக்குக் கடிதம் எழுதி, தங்கள் பழைய நாட்களைப் பற்றித் தான் எழுதியதைப் பத்திரிகைக்கு விற்கலாமா என்று கேட்டார். 44 ஆண்டு கடந்த நினைவு அது. உலகப் புகழ்பெற்ற நண்பனின் நூலில் காணிக்கைப் பக்கத்திலேயே தன் பெயர் இருக்க, ஒருவரின் நினைவு அந்த நூலின் தாக்கம் இல்லாமல் இருக்குமா? ஹிக்பி நேர்மையானவர் என்று ட்வைனே சொல்கிறார். அதை நான் சந்தேகிக்கவில்லை. நேர்மையானவருக்கும் நினைவு நூலை ஒட்டித்தான் வளையும்.

ஆக, ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் ஃபிலிப்ஸ், ட்விங், ஹிக்பி, ஹவ்லண்ட் என்று நான்கு பெயர்கள் அவருடைய அன்றாட வாழ்க்கையோடு ஒட்டி வருகின்றன. அவர் படுத்த கூரை ஒன்றுக்கு மேற்பட்டது என்று கொள்வதுதான் சான்றுகளுக்கு நியாயம். நான்கு கூரைகளில் மூன்றை ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் பூங்காவுக்குக் கொண்டுபோனது எந்த ஆதாரத்தில் என்று கேட்கத்தான் வேண்டும்.

62 ஆண்டுகளில் ஒரு குடிசைக்கு என்னவெல்லாம் நடக்கும்

1862-க்கும் 1924-க்கும் நடுவே அரோரா சும்மா தூங்கிக் கிடக்கவில்லை. முதல் செழிப்பு அறுபதுகளின் நடுவிலேயே வடிந்தது. 1870-களின் கடைசியில் பக்கத்தில் போடி ஊர் பொன்னால் பொங்கியபோது அரோராவும் கொஞ்ச காலம் மறுபடி உயிர்த்தது. 1900-க்குப் பிறகு இன்னொரு சுற்று வேலை நடந்தது. ஒவ்வொரு சுற்றிலும் புது ஆட்கள் வந்தார்கள், காலியாகக் கிடந்த குடிசைகளில் புகுந்தார்கள், கூரை மாற்றினார்கள், அறை சேர்த்தார்கள், பக்கத்துக் குடிசையைப் பிரித்து இதற்குப் பலகை போட்டார்கள். மரம் விலை உயர்ந்த மலை அது. போடிக்கு மரம் கொண்டுவரவே 1881-ல் தனி ரயில் பாதை போட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில், துணிக்கூரை போட்ட ஒரு குடிசை ஆறு பதிற்றாண்டுகள் அதே பலகையோடு நின்றிருக்க வேண்டுமென்றால் அது பெரிய அதிர்ஷ்டம்.

நின்றிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஐடில்வைல்டுக்குப் போன கேபின் 1862-ஐச் சேர்ந்த கட்டடமாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சோதிக்க வேண்டிய பொருள் அத்தனையும் பெயர்ப்பிலேயே போய்விட்டது. ஆணியைப் பார்த்திருக்கலாம். 1862-ல் அடித்ததென்றால் இரும்புத் தகட்டிலிருந்து வெட்டிய, குறுக்குவெட்டில் நாற்சதுரமான ஆணி. உருண்டைக் கம்பி ஆணி அமெரிக்காவில் பரவலானது 1890-களை ஒட்டி. எந்தப் பலகையில் எந்த ஆணி என்று வரிசைப்படி குறித்திருந்தால் வீட்டின் வயது வெளியே வந்திருக்கும். வீட்டின் அடியில் இருந்த மண்தரை அங்கேயே விடப்பட்டது. அடுப்புச் சாம்பல், கொட்டிய தகரடப்பா, உடைந்த பாட்டில் எல்லாம் அங்கேயே கிடந்தன, யாரும் குறிக்காமல். வீட்டை அதன் தரையிலிருந்து பிரித்ததும் இரண்டுமே ஊமையாகிவிட்டன. நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். எழுத்தாளரைக் கௌரவிக்க நினைத்தார்கள். இருந்தும் இந்த வழக்கில் மிகப் பெரிய சேதம் காலத்தாலோ பனியாலோ வந்ததில்லை, 1924-ன் அந்த மரியாதையால் வந்தது என்றே நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செங்கல்லுக்குக் கிராக்கி ஏற்பட்டபோது, அரோராவின் செங்கல் கட்டடங்களைப் பிரித்துக் கலிஃபோர்னியாவுக்கு ஏற்றிப்போனார்கள். கட்டடங்களோடு ஊரின் அடையாளப் புள்ளிகளும் போயின. இன்னார் கடைக்கு மேற்கே, இந்த முனைக்கு வடக்கே என்று ஒரு பழைய ஆவணம் சொன்னாலும், அந்தக் கடை எங்கே நின்றது என்பதையே முதலில் கண்டுபிடிக்க வேண்டிய நிலை. இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அந்த வட்டாரத்தில் திறந்தவெளிச் சுரங்க வேலையும் நடந்தது. பக்கத்துப் போடி 1962-ல் மாநில வரலாற்றுப் பூங்காவாகிப் பிழைத்துக்கொண்டது. இருந்தது இருந்தபடியே, மேலும் சிதையாமல் காக்கிறார்கள். அரோராவுக்கு அந்தப் பாதுகாப்பு வாய்க்கவில்லை.

இரண்டு ஒப்பீடுகள்

இதே சிக்கல் இன்னொரு அமெரிக்க எழுத்தாளரான ஜாக் லண்டன் விஷயத்தில் எப்படித் தீர்ந்தது என்று பார்ப்பது பயன் தரும். கனடாவின் யூகானில் 1897-98 குளிர்காலத்தைக் கழித்த லண்டன், ஹெண்டர்சன் ஓடைக் கரையில் ஒரு மரக் கேபினின் சுவரில் தன் பெயரை எழுதிவைத்திருந்தார்: ஜாக் லண்டன், சுரங்கக்காரர், எழுத்தாளர், 1898 ஜனவரி 27. அப்போது அவருக்கு வயது 22தான். புத்தகம் ஒன்றும் வந்திருக்கவில்லை. ஆனாலும் எழுத்தாளர் என்று தானே போட்டுக்கொண்டார். பிற்காலத்தில் அந்தப் பக்கம் வேட்டைக்கு வந்தவர்கள் எழுத்திருந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். 1965-ல் டிக் நார்த் முன்னின்று நடத்திய தேடலில் கேபின் அகப்பட்டது. கையெழுத்தும் நிபுணர்களிடம் போய் உறுதியானது. 1969-ல் கேபினைப் பிரித்து, அசல் மரங்களைப் பங்கிட்டு, இரண்டு கேபின்களாகக் கட்டினார்கள். ஒன்று டாசன் சிட்டியில், மற்றது அவருடைய ஊரான ஓக்லண்டில். அங்கேயும் இடம் பெயர்ந்தது. ஆனால் வீட்டின் உடம்பிலேயே பெயர் இருந்ததால் அடையாளம் கெடவில்லை. அரோராவில் க்ளெமன்ஸ் எந்தச் சுவரிலும் ‘எழுத்தாளர்’ என்று எழுதியிருக்க வாய்ப்பில்லை. அந்தக் கோடையில் அவர் தன்னைச் சுரங்கக்காரராகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ட்வைனுக்கே இன்னொரு கேபின் உண்டு. கலிஃபோர்னியாவின் டுவாலமி கவுண்டியில் ஜாக்கஸ் குன்று. 1864 டிசம்பரிலிருந்து சில மாதம் கில்லிஸ் சகோதரர்களோடு அங்கே தங்கினார். அவரைப் புகழேற்றிய தவளைக் கதையின் வித்து அந்தக் குளிர்காலத்தில்தான் விழுந்தது. இன்று அங்கே நிற்கும் கேபின் 1922-ல் திரும்பக் கட்டியது. பழைய புகைபோக்கியை ஒட்டி எழுப்பினார்கள். மரம் புதிது, இடம் பழையது. கில்லிஸ் குடும்பம் அந்தக் குன்றிலேயே தங்கிவிட்டதால் இடத்தைப் பற்றிச் சந்தேகம் வரவில்லை. என்னைக் கேட்டால், ஐடில்வைல்டு பூங்காவின் அசல் பலகையைவிட ஜாக்கஸ் குன்றின் போலி கேபின் அதிகம் உண்மை பேசுகிறது.

மனையை எப்படித் தேடுவது

காகிதத்திலிருந்து தொடங்க வேண்டும். க்ளெமன்ஸ் பெயரில் வீட்டுமனை தேடுவது வீண் வேலை. கடன் வாங்கிக் காலம் தள்ளியவர் மனை வாங்கியிருக்கப்போவதில்லை. ட்விங், ஃபிலிப்ஸ், ஹிக்பி, ஹவ்லண்ட் என்ற பெயர்களை 1861 முதல் 1864 வரை இரண்டு கவுண்டிகளின் வரி மதிப்பீட்டுப் பட்டியல்களிலும் மனைப் பத்திரங்களிலும் பார்க்க வேண்டும். இவர்களில் ஹவ்லண்ட் ஊரில் பொறுப்பான பதவி வகித்தவர் என்பதால் தடம் பதித்திருக்க வாய்ப்பு அதிகம். சரிவில் கேட்காமல் கட்டிக்கொண்ட குடிசைக்குப் பத்திரம் இருக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பத்திரம் இல்லாத இடத்தில் சுரங்க உரிமைப் பதிவுகள் கைகொடுக்கும். கடிதங்களில் வரும் படிவுகள் எந்தக் குன்றில் என்று பதிவேடு சொல்லும். அரோராவைச் சுற்றி லாஸ்ட் சான்ஸ் குன்று, சில்வர் குன்று, மிடில் குன்று என்று வேலை நடந்த இடங்கள் தனித்தனி. தினமும் நடந்து போய்த் தோண்டுகிறவர்கள் குழிக்கு அருகில்தான் குடியிருப்பார்கள் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டக் கூடாது. ஊருக்குள் தண்ணீரும் கடையும் இருந்தன. இருந்தாலும் தேடும் பரப்பு சுருங்கும்.

பிறகு புகைப்படங்கள். ஊரின் பழைய படங்களில் வீடுகள் பொய் சொல்லும், மலை முகடு சொல்லாது. படத்தில் தெரியும் முகட்டுக் கோடுகள் ஒன்றையொன்று எந்த இடத்தில் வெட்டுகின்றன என்று பார்த்து, களத்தில் அதே வெட்டு தெரியும் இடத்துக்கு நகர்ந்து நகர்ந்து வந்தால் படம் எடுத்தவர் நின்ற புள்ளி கிடைத்துவிடும். இரண்டு படங்களில் ஒரே குடிசை தெரிந்தால், இரண்டு புள்ளிகளிலிருந்தும் கோடு இழுத்துக் குடிசையின் இடத்தைச் சில அடிக்குள் குறித்துவிடலாம். ‘மார்க் ட்வைன் கேபின்’ என்று தலைப்பிட்டு அச்சான படங்களுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். தலைப்பை மறந்துவிட்டு முகட்டை மட்டும் பார்க்க வேண்டும்.

களத்தில் தேட வேண்டியது நிற்கும் சுவரை அல்ல. சரிவை வெட்டிச் சமப்படுத்திய சின்னத் தளம், ஒரு பக்கம் முட்டுக்கல் வரிசை, மூலையில் சரிந்த அடுப்புக் கல் குவியல். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் அப்படி ஒரு தளம் அகப்பட்டால் அடுத்த கேள்வி, அங்கே எந்தக் காலத்தில் ஆள் இருந்தது என்பது. மேலே துளையிட்டு ஈயச் சொட்டால் அடைத்த தகரடப்பா பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பழக்கம். வெயிலில் ஊதா நிறமேறிய கண்ணாடித் துண்டு நிறையக் கிடந்தால் அது மாங்கனீசு சேர்த்த கண்ணாடி. பெரும்பாலும் 1880-க்குப் பிந்தியது, பின்னால் வந்த சுற்றுக்காரர்களுடையது. நாற்சதுர ஆணி மட்டும் இருந்து, ஊதாக் கண்ணாடியும் கம்பி ஆணியும் இல்லாத தளம் என்றால் முதல் செழிப்போடு கைவிடப்பட்ட வீடு என்று நம்பலாம். பார்க்கலாம், அளக்கலாம், படம் எடுக்கலாம். எடுத்துக்கொண்டு வரக் கூடாது. அரசு நிலத்தில் நூறாண்டு கடந்த தொல்பொருளை எடுப்பது அமெரிக்காவில் 1979-ன் சட்டப்படி குற்றம். அதைவிட, ஆணி கிடந்த இடம் தெரியாவிட்டால் ஆணியால் ஒரு உபயோகமும் இல்லை.

இத்தனையும் செய்தாலும் தளம் எதுவும் ‘இங்கே சாம் க்ளெமன்ஸ் இருந்தார்’ என்று சொல்லிவிடாது. சில வாரம் தூங்கிப்போன ஒருவர் மண்ணில் தடம் விட்டிருக்க மாட்டார். களம் அதிகபட்சம் தரக்கூடியது, காகிதம் சொல்லும் இடத்தில் அந்தக் காலத்து வீடு ஒன்று அந்த அளவில் இருந்தது என்ற பொருத்தம். அந்தப் பொருத்தமே எனக்குப் போதும். அதற்கு மேல் கேட்டதால்தான் 1924-ல் ஒரு கேபினை லாரியில் ஏற்றும் துணிச்சல் வந்தது.

இந்த வேலையை யாராவது கையில் எடுத்தால் முதலில் எடுக்க வேண்டிய பெயர் டான் ட்விங். நான்கு பேரில் அவருக்குத்தான் புகழ் குறைவு, ஆகையால் அவரைச் சுற்றிக் கதை சேரவும் வாய்ப்பு குறைவு. 1862 ஆகஸ்டில் க்ளெமன்ஸ் அவர் கூரையின் கீழ்தான் இருந்தார் என்பதற்குத் தேதி போட்ட கடிதம் இருக்கிறது. மற்ற மூன்று பேருக்கும் அவ்வளவு துல்லியமான சாட்சி இல்லை. பிரிட்ஜ்போர்ட்டிலும் கோல்ட்ஃபீல்டிலும் ஹாதார்னிலும் இருக்கும் அந்தக் காலத்துப் பட்டியல்களில் ட்விங் என்ற பெயரை, எழுத்துப் பிழைகளோடு சேர்த்து, வரி வரியாகத் தேடுவதுதான் அடுத்த படி. அது முடிகிற வரைக்கும், அரோராவின் எந்த மனையிலும் மார்க் ட்வைன் பெயரில் பலகை நட வேண்டாம்.